பல்லக்குக்குள்ளே யார்?

ஆடி மாதத்து ஞாயிற்றுக்கிழமை. வேலூரிலிருந்து கணியம்பாடி வழியாக வந்த பஸ், அமிர்தியில் ஒரு தாத்தாவையும் பேத்தியையும் இறக்கிவிட்டுத் திரும்பிப் போனது. பூங்காவில் மான்களைப் பார்த்தாயிற்று. மயில் தோகை விரிக்கும் என்று கால் மணி நேரம் காத்திருந்தாயிற்று. அது விரிக்கவில்லை. வாசலில் ஒரு பாட்டியம்மா நாவல்பழத்தைக் கூறு கட்டி வைத்திருந்தார். இரண்டு கூறு வாங்கிக்கொண்டு இருவரும் மரத்தடியில் உட்கார்ந்தார்கள்.

பேத்தி காலேஜில் தமிழ் இலக்கியம் இரண்டாம் ஆண்டு. திங்கட்கிழமை காலையில் ஒரு கட்டுரை கொடுத்தாக வேண்டும். தலைப்பைப் போனில் பார்த்துப் படித்தாள்.

"ஒரு நாவலில் அதிகாரம் கைமாறும்போது கதாபாத்திரங்கள் என்ன ஆகிறார்கள்? அஞ்சு பக்கம் எழுதணும் தாத்தா. எந்த நாவல் வேணும்னாலும் எடுத்துக்கலாமாம்."

"கையில இருக்குதே ஒண்ணு" என்று தாத்தா நாவல்பழத்தைக் காட்டினார்.

"மொக்கை ஜோக் தாத்தா."

"சரி, பொன்னியின் செல்வனை எடு. ஆடிப்பெருக்குலதானே கதையே ஆரம்பிக்குது? மாசமும் சரியா இருக்குது. அதுவும் இல்லாம, அந்தக் கதையில பாதி நம்ம ஊர்க்காரங்க சமாசாரம்."

தாத்தா தாலுகா ஆபீசில் தலைமை எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். எதைச் சொன்னாலும் பட்டா எண், எல்லை, சாட்சி என்று வரிசையாகச் சொல்வது அவர் பழக்கம். அன்றும் அப்படித்தான் ஆரம்பித்தார்.

மலையைச் சுற்றி மாறிய கொடிகள்

அமிர்தி, ஜவ்வாது மலையின் வடகிழக்கு ஓரம். இங்கிருந்து வடகிழக்கே போனால் பொன்னை ஆற்றங்கரையில் திருவல்லம். ஒரு காலத்தில் வாணர்கள் என்ற அரச குலத்துக்குப் பேர்பெற்ற இடம். பத்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முதலாம் பராந்தக சோழன் வாணர்களைத் தோற்கடித்து, அவர்கள் நாட்டைக் கங்க அரசன் இரண்டாம் பிருதிவீபதிக்குக் கொடுத்தான். கூடவே 'வாணாதிராசன்' என்ற பட்டத்தையும் கொடுத்தான். நிலம் போனது மட்டுமில்லை, வாணர்களின் பெயரே இன்னொருவர் தோளில் சால்வையாக ஏறிவிட்டது.

இன்னும் கிழக்கே, அரக்கோணம் பக்கம் தக்கோலம். 949-ல் பராந்தகனின் மகன் ராஜாதித்தன் அங்கே யானை மேல் இருந்தபடியே கொல்லப்பட்டான். வென்றது ராஷ்டிரகூட மன்னன் மூன்றாம் கிருஷ்ணனின் படை. சோழர்கள் சம்பாதித்த தொண்டை மண்டலம் கை நழுவியது. ராஜாதித்தனின் நண்பராக இருந்த கேரளத்து வீரர் ஒருவர், நண்பனோடு சேர்ந்து சாக முடியவில்லையே என்ற வருத்தத்தில் துறவியாகி, சதுரானன பண்டிதர் என்ற பெயரில் திருவொற்றியூரில் வாழ்ந்தார். அந்தச் செய்தி கல்வெட்டிலேயே இருக்கிறது.

திருவல்லத்துக்குப் பக்கத்தில் மேல்பாடி. அங்கே ராஜராஜ சோழன் தன் தாத்தா அரிஞ்சயனுக்காக எடுத்த பள்ளிப்படைக் கோயில் இன்றும் நிற்கிறது. அமிர்திக்குத் தென்கிழக்கே மலையடிவாரத்தில் படவேடு. ரேணுகாம்பாள் கோயில் என்றால் எல்லோருக்கும் தெரியும். அதுதான் சம்புவராயர்களின் தலைநகரம். சோழர்களுக்குக் கீழே சிற்றரசர்களாக இருந்து, சோழர் தளர்ந்தபோது தாங்களே அரசர்களானவர்கள். 14-ஆம் நூற்றாண்டின் இரண்டாம் பாதியில் விஜயநகரத்து இளவரசன் குமார கம்பணன் படையோடு வந்து அவர்களை அடக்கினான்.

"அப்ப இந்த மலையைச் சுத்தி எப்பவும் யாராவது ஆட்சியை இழந்துக்கினே இருந்திருக்காங்க" என்றாள் பேத்தி.

"இழந்தவங்க இருந்தா, வாங்கினவங்களும் இருப்பாங்க இல்ல? பட்டா மாறுதல்னா ரெண்டு பேர் கையெழுத்து உண்டு. நீ ரெண்டு பக்கமும் பார்த்து எழுது."

ஏற்கெனவே இழந்தவன்

கல்கி 'பொன்னியின் செல்வ'னை 1950 முதல் 1954 வரை வாரா வாரம் எழுதினார். கதை ஐந்து பாகம். ஆனால் அதன் அடிப்படைக் கேள்வி ஒரு வரிதான்: சுந்தர சோழருக்குப் பிறகு யார்? இந்தக் கேள்வி ஒவ்வொரு கதாபாத்திரத்தையும் உரசிப் பார்க்கிறது. சிலர் பொன்னாகத் தெரிகிறார்கள், சிலர் பித்தளையாக.

முதலில் வருபவன் வந்தியத்தேவன். வீர நாராயண ஏரிக்கரையில் குதிரையில் வருகிறான். கல்கி அவனை வாணர் குலத்தவனாக, வல்லத்து இளவரசனாகப் படைத்தார். அதாவது திருவல்லத்துக்காரன். அரசு போய்விட்டது, பரம்பரைப் பெருமை மட்டும் பாக்கி. அவனிடம் இருப்பது ஒரு குதிரை, ஒரு வாள், இரண்டு ஓலை, ஓயாத வாய்.

கதையில் அவன்தான் பயப்படாதவன். கோட்டைக்குள் நுழைகிறான், சுரங்கத்தில் இறங்குகிறான், கடல் தாண்டி இலங்கைக்குப் போகிறான். அவனுக்கு இழக்க எதுவும் இல்லை என்பதுதான் காரணம். அவன் குடும்பத்தில் நடக்க வேண்டிய வீழ்ச்சி, அவன் பிறப்பதற்கு முன்பே நடந்து முடிந்துவிட்டது. மற்றவர்கள் 'போய்விடுமோ' என்று நடுங்குகிற இடத்தில், இவன் 'போனால் என்ன' என்று விசில் அடிக்கிறான்.

நிஜ வரலாற்றில் வந்தியத்தேவன் பற்றிக் கிடைப்பது மிகக் கொஞ்சம். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில், குந்தவையின் கணவர் வல்லவரையர் வந்தியத்தேவர் என்று வருகிறது. அந்த ஒரு பெயரைப் பிடித்துக்கொண்டுதான் கல்கி இத்தனை பெரிய ஆளை எழுப்பினார்.

"எழுதிக்கோ கண்ணு. அதிகாரம் போனவங்க எல்லாம் அழுதுக்கினு உட்கார்ந்திருக்க மாட்டாங்க. சில பேருக்கு அப்பதான் கால் முளைக்கும்."

நண்பனின் கண்

இரண்டாவது ஆள், கடம்பூர் சம்புவராயர் மகன் கந்தமாறன். வடபெண்ணை ஆற்றங்கரையில் வந்தியத்தேவனோடு எல்லைக் காவலில் இருந்தவன். அங்கே இருக்கும்போது தன் தங்கை மணிமேகலையைப் பற்றிப் பெருமையாகப் பேசுவான். அவளை நீதான் மணக்க வேண்டும் என்பான்.

ஆடிப்பெருக்கன்று இரவு வந்தியத்தேவன் அந்த நண்பன் வீட்டுக்கே வந்து சேர்கிறான். கந்தமாறன் வரவேற்கிறான், சாப்பாடு போடுகிறான். ஆனால் தங்கை பேச்சு வரும்போது, அதை மறந்துவிடு, அவளுக்குப் பெரிய இடத்தில் பேசியிருக்கிறார்கள் என்கிறான்.

இடையில் என்ன நடந்தது? சண்டை இல்லை, வாக்குவாதம் இல்லை. கந்தமாறனின் அப்பா ஒரு பெரிய ஆட்டத்தில் இறங்கியிருக்கிறார். மதுராந்தகனை அரியணையில் ஏற்றும் திட்டத்தில் கடம்பூருக்கும் பங்கு உண்டு. நாளைய சக்கரவர்த்திக்கே தங்கையைக் கொடுக்கலாம் என்ற நிலை வந்த பிறகு, ஊர் இல்லாத இளவரசன் எதற்கு?

கெட்டவன் இல்லை கந்தமாறன். அதுதான் இதில் உள்ள வேதனை. அவன் மனசறிந்து நண்பனை உதறவில்லை. மேலே ஏறும்போது கீழே நிற்பவர்கள் தாமாகவே சின்னதாகத் தெரிகிறார்கள், அவ்வளவுதான். பின்னால் தஞ்சைச் சுரங்கப்பாதையில் அவன் முதுகில் கத்தி பாய்கிறது. தூக்கிச் சுமந்து காப்பாற்றியவன் வந்தியத்தேவன். ஆனால் குத்தியவனே அவன்தான் என்று கந்தமாறன் நம்புகிறான். பழைய நட்பை விட்டுவிட்ட மனசுக்கு, அதை விட்டதற்கு ஒரு காரணம் தேவைப்படுகிறது.

தாத்தா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்:

"என்கூட ஒருத்தர் வேலை பார்த்தார். ஒரே டிபன் பாக்ஸ்ல சாப்பிடுவோம். அவருக்குப் பிரமோஷன் வந்துச்சு. ஒரு மாசம் கழிச்சு அவர் ரூமுக்குப் போனேன். உட்காருன்னு சொல்ல மறந்துட்டார். வேணும்னு செய்யல. மறந்துட்டார். அதான் எனக்கு இன்னும் ஞாபகம் இருக்குது."

வீட்டைக் கொடுத்தவர்

அந்த இரவு கடம்பூர் மாளிகையில் நடுநிசிக் கூட்டம். பெரிய பழுவேட்டரையர், சம்புவராயர், இன்னும் பல சிற்றரசர்கள். முற்றத்தில் இளைய ராணி நந்தினியின் மூடுபல்லக்கு. உள்ளே இருப்பது நந்தினி என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். பழுவேட்டரையர் திரையை விலக்கும்போது, உள்ளே இருந்து வருவது மதுராந்தகன்.

கதையின் மையமே இந்தப் பல்லக்குதான் என்று சொல்லலாம். ஒரே பல்லக்கு. ஒரு நாள் அதில் ராணி போகிறாள், ஒரு நாள் அரியணை ஆசையோடு ஒருவன் போகிறான். சுமக்கிறவர்கள் மட்டும் மாறுவதில்லை.

சம்புவராயருக்கு இந்தக் கூட்டத்தால் கிடைத்தது என்ன? பிற்பாடு அதே மாளிகையில்தான் ஆதித்த கரிகாலன் இறந்துகிடக்கிறான். மாளிகை தீப்பிடித்து எரிகிறது. மகள் மணிமேகலை சித்தம் கலங்கி, கடைசியில் உயிரையும் விடுகிறாள். அரசியலுக்கு வீட்டைத் திறந்துவிட்டவருக்கு மிஞ்சியது கரியும் துக்கமும்.

இங்கே ஒரு விஷயத்தைப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஆதித்த கரிகாலன் கொல்லப்பட்டது உண்மை. காட்டுமன்னார்கோயிலை ஒட்டிய உடையார்குடிக் கல்வெட்டு, அந்தக் குற்றத்தில் சோமன், ரவிதாசன், பரமேசுவரன் ஆகியோர் பெயரைச் சொல்கிறது. அவர்கள் உறவினரின் நிலங்கள் பறிமுதலானதையும் சொல்கிறது. ஆனால் கடம்பூர் மாளிகை, அந்த இரவு, மணிமேகலை, எல்லாம் கல்கியின் கற்பனை. சம்புவராயர்கள் கல்வெட்டுகளில் பெரிய புள்ளிகளாகத் தெரிவதும் 12-ஆம் நூற்றாண்டில்தான். கல்கி அந்தப் பெயரை முன்னதாகவே கதைக்குள் அழைத்து வந்துவிட்டார். படவேட்டில் அவர்கள் உண்மையாகவே ஆண்டு, உண்மையாகவே இழந்த கதையை யாராவது நாவலாக எழுதினால், அது இன்னொரு பெரிய கதை.

இரவல் அதிகாரம்

நந்தினியின் கையில் இருப்பது சொந்த அதிகாரம் இல்லை. சின்ன வயதில் பழையாறை அரண்மனை வட்டாரத்தில் அலட்சியப்படுத்தப்பட்ட பெண். காலில் விழுந்து கெஞ்சியும் கேளாமல் வீரபாண்டியன் தலையை ஆதித்த கரிகாலன் வெட்டினான். கெஞ்சிக் கேட்டது கிடைக்காத பெண், இனிக் கெஞ்சத் தேவையில்லாத இடத்தைத் தேடிப் போகிறாள். வயதான பழுவேட்டரையரின் மனைவியாகிறாள். தனாதிகாரியின் முத்திரை மோதிரம் அவள் சொன்னபடி ஆடுகிறது. ஆனால் இரவல் வாங்கிய நகைக்குக் கணக்கு ஒரு நாள் வரும். அவள் அதிகாரம் ஒரு கிழவரின் மயக்கத்தில் தொங்குகிறது. மயக்கம் தெளிந்ததும் அந்த அதிகாரமும் போகிறது. நாடே நடுங்கிய பழுவேட்டரையர் தன்னைத்தானே மாய்த்துக்கொள்கிறார்.

மதுராந்தகன் கதை இன்னும் பரிதாபம். செம்பியன் மாதேவி அவனைச் சிவபக்தனாக வளர்க்கிறார். விபூதியும் ருத்திராட்சமுமாக இருந்த பிள்ளையிடம், நீதான் அடுத்த அரசன் என்று பழுவேட்டரையர்கள் சொல்லிச் சொல்லி ஆசையை ஊட்டுகிறார்கள். ஆசை நன்றாக வேர்விட்ட பிறகு ஒரு உண்மை வெளிவருகிறது. அவன் அந்தத் தாயின் பிள்ளையே இல்லை. தஞ்சாவூரில் பூத்தொண்டு செய்துகொண்டிருந்த சேந்தன் அமுதன்தான் உண்மையான பிள்ளை.

ஒரே நாளில் ஒருவனுக்கு அம்மா, பெயர், குலம், அரியணை எல்லாம் போகிறது. இன்னொருவனுக்கு அத்தனையும் வருகிறது. சேந்தன் அமுதன் அதற்காக ஒரு முறை கூட ஏங்கவில்லை. பூக்கூடையும் தேவாரமும் போதும் என்று இருந்தவன். ஏங்காதவன் தலையில் கிரீடம் வருகிறது, ஏங்கியவன் இருட்டில் ஓடுகிறான்.

"இதுல யார் மேல தாத்தா தப்பு?"

"ஆசை காட்டினவங்க மேல. அவன் பாட்டுக்குக் கோயிலுக்குப் போய்க்கினு இருந்தான்."

கொடுத்தவன் சின்னவன் ஆகவில்லை

இத்தனை பேர் பிடுங்கிக்கொள்ளும் கதையின் நடுவே ஒருவன் மட்டும் வேண்டாம் என்கிறான். அருள்மொழிவர்மன். இலங்கையில் பிக்குகள் சிம்மாசனத்தைக் கொண்டுவந்து வைக்கும்போதும் மறுக்கிறான். கடைசியில் தனக்கென்று தயாரான கிரீடத்தைத் தன் கையாலேயே சேந்தன் அமுதன் தலையில் வைக்கிறான்.

இது கல்கியின் கற்பனை மட்டும் இல்லை. திருவாலங்காட்டுச் செப்பேடு இதற்குச் சாட்சி சொல்கிறது: மக்கள் விரும்பியும், சிற்றப்பன் ஆசைப்படும்வரை அருள்மொழி அரியணையை மனத்தாலும் நினைக்கவில்லை. உத்தம சோழர் சுமார் 970 முதல் 985 வரை ஆண்டார். 985-ல் அருள்மொழி அரியணை ஏறினான். அவன்தான் ராஜராஜன். பதினைந்து வருஷம் தள்ளி நின்றவன், தமிழ் வரலாற்றில் எல்லோரையும் விட உயரமாக நிற்கிறான்.

பேத்தி வேக வேகமாகப் போனில் குறித்துக்கொண்டாள். திடீரென்று நிமிர்ந்தாள்.

"எல்லாரும் ராஜா, ராணி, தளபதிதான். சாதாரண ஆளுங்க எங்க தாத்தா?"

ராஜா பெயர் மேலே, இவன் பெயர் கீழே

நல்ல கேள்வி. அதற்கான பதிலும் இந்த மலைப் பக்கத்திலேயே இருக்கிறது. ஜவ்வாது மலைக்குத் தெற்கே செங்கம் வட்டாரத்தில் நிறைய நடுகற்கள் கிடைத்திருக்கின்றன. மாடு பிடிக்க வந்தவர்களோடு சண்டையிட்டு இறந்த சாதாரண ஊர்க்காரர்களுக்கு நட்ட கற்கள். பலவற்றில் முதலில் வருவது ராஜாவின் பெயரும் அவர் ஆட்சி ஆண்டும். அதற்குக் கீழேதான் செத்தவன் பெயர்.

எடுத்தனூரில் உள்ள கல் மகேந்திரவர்ம பல்லவன் காலத்தது. எருமைகளைக் காக்கப் போய் இறந்த கருந்தேவக்கத்தி என்பவனுக்கு எடுத்தது. அந்தக் கல்லில் ஒரு நாயும் இருக்கிறது. அதன் பெயர் கோவிவன். இரண்டு திருடர்களைக் கடித்து எஜமானன் அருகிலேயே நின்றதாம். ஆயிரத்து நானூறு வருஷம் ஆகிறது. பல்லவர் போனார்கள், சோழர் போனார்கள், சம்புவராயர் போனார்கள். அந்த நாயின் பெயர் இருக்கிறது.

ஜவ்வாது மலையில் வாழும் மலையாளிப் பழங்குடியினரைப் பற்றி ஒரு கதை உண்டு. எட்கர் தர்ஸ்டன் 1909-ல் வெளியிட்ட தொகுப்பில் அது பதிவாகியிருக்கிறது. காஞ்சிபுரத்து வேளாளர் வீட்டுப் பெண்கள் ஏழு பேரை வேடர்கள் தூக்கிப் போய்விட்டார்கள். மீட்க ஏழு ஆண்கள், ஏழு நாய்களோடு கிளம்பினார்கள். "நாய்கள் மட்டும் திரும்பி வந்தால் எங்களை இறந்தவர்களாக வைத்துக்கொள்ளுங்கள்" என்று வீட்டில் சொல்லிவிட்டுப் போனார்கள். வழியில் பாலாற்றில் வெள்ளம். நாய்கள் நீந்த முடியாமல் வீடு திரும்பிவிட்டன. ஆண்கள் அக்கரை போய்ப் பழிதீர்த்துவிட்டுத் திரும்பி வந்தார்கள். வீட்டில் அவர்களுக்குக் கருமாதி முடிந்திருந்தது. மனைவிமார் விதவைக் கோலத்தில் இருந்தார்கள். இனி உங்களுக்கு இங்கே இடமில்லை என்றது ஊர். அவர்கள் மலையேறினார்கள், வேடர் பெண்களை மணந்தார்கள், இங்கேயே குடியமர்ந்தார்கள்.

"ஐயோ! உயிரோட வந்து நிக்கறாங்க தாத்தா."

"வந்து நின்னா போதுமா? இடம் இருக்கணுமே" என்றார் தாத்தா. அதை அவர் சொன்ன விதம் பேத்திக்கு என்னவோ போல் இருந்தது.

நாவல்பழம் விற்ற பாட்டியம்மா கூடையைக் கட்டிக்கொண்டிருந்தார். ஒருவேளை அவரும் அந்தக் கதையின் வாரிசாக இருக்கலாம். 1882-ல் மதராஸ் வனச் சட்டம் வந்தபோது, தாத்தன் பாட்டன் நடந்த காட்டில் விறகு எடுக்கக்கூட அனுமதி தேவைப்பட்டது. 2006-ல் வன உரிமைச் சட்டம் வந்து, அந்த உரிமையில் ஒரு பகுதியை எழுத்தில் திருப்பிக் கொடுத்தது. எங்கோ ஒரு மேஜையில் கையெழுத்து மாறுகிறது. இங்கே ஒரு அடுப்பு எரிவதும் எரியாததும் அதைப் பொறுத்தது.

தாத்தாவுக்குப் பிடித்த பாத்திரம்

"கட்டுரையை எப்படி முடிக்கறதுன்னு தெரியல. உங்களுக்கு யாரைப் பிடிக்கும்? வந்தியத்தேவனா, அருள்மொழியா?"

"சுந்தர சோழர்."

"அவர் படுத்துக்கினே இருப்பாரே!"

"அதான். கால் விளங்காமப் படுத்திருக்கார். பக்கத்துல காவல். நாட்டை யாருக்குக் கொடுக்கறதுன்னு ஊர் ஊராப் பாதி ராத்திரியில கூட்டம் போடறாங்க. அவருக்குத் தெரியாம. ஆனா ஒண்ணு கவனிச்சியா? அண்ணன் தம்பிக்குள்ள சண்டை வேணாம், மதுராந்தகனுக்கே கொடுத்துடலாம்னு அவர் மனசுலயே இருக்குது. அந்தக் கூட்டம் போட்டவங்க நேரா வந்து கேட்டிருந்தா, அவரே கொடுத்திருப்பார். ஒரு மாளிகை எரிஞ்சிருக்காது."

பேத்திக்குச் சட்டென்று புரிந்தது. புரிந்ததும் தொண்டை அடைத்தது.

மூன்று வருஷத்துக்கு முன்னால் தாத்தா வீட்டை அப்பா பெயருக்கு செட்டில்மென்ட் எழுதிக் கொடுத்தார். போன வாரம் ஒருத்தர் டேப்போடு வந்து முன்வாசலை அளந்துவிட்டுப் போனார். கார் நிறுத்த இடம் வேண்டும். திண்ணையை இடிக்க வேண்டும். திண்ணையோரம் பாட்டி வைத்த வேப்பமரத்தையும் எடுக்க வேண்டும். இதெல்லாம் 'நம்ம வீடு' என்ற வாட்ஸ்அப் குரூப்பில் பேசி முடிவானது. அப்பா, அம்மா, அத்தை, சித்தப்பா, அவள், தம்பி எல்லோரும் அந்தக் குரூப்பில் உண்டு. தாத்தா இல்லை. யாரும் வேண்டுமென்று விடவில்லை. சேர்க்கத் தோன்றவில்லை, அவ்வளவுதான். அவளுமே அந்தக் கூட்டத்தில் கட்டைவிரல் காட்டியவள்தான்.

"தாத்தா... வேப்பமரம்..."

"அளக்க வந்தவர் சொன்னார். அப்பதான் தெரிஞ்சுது."

"கோவமா தாத்தா?"

"கோவம் இல்ல கண்ணு. கார் வாங்கினா நிறுத்த இடம் வேணும்தான். என்னைக் கேட்டிருந்தா நானே ஆள் வெச்சு வெட்டச் சொல்லியிருப்பேன். உங்க பாட்டி கை பட்ட மரம், ஒரு தேங்கா உடைச்சுக் கும்புட்டுட்டு வெட்டுங்கன்னு சொல்லியிருப்பேன். அவ்வளவுதான்."

"நீங்க எழுதிக் கொடுத்ததுதானே வீடு?"

"தாலுகா ஆபீஸ்ல எத்தனை கேஸ் பார்த்திருப்பேன்! 2007-ல சட்டமே வந்துச்சு. பெரியவங்களைப் பார்த்துக்கறேன்னு நிபந்தனையோட எழுதி வாங்கிட்டுப் பார்த்துக்கலைன்னா, எழுதினதை ரத்து பண்ணச் சொல்லலாம். ஆனா உங்க அப்பன் என்னை நல்லாத்தான் பார்த்துக்கறான். நேரத்துக்குச் சாப்பாடு, மாத்திரை, எல்லாம். கேக்கறது ஒண்ணுதான் விட்டுப்போச்சு. அதுக்குச் சட்டம் கிடையாது."

பஸ் வந்தது. இருவரும் ஏறி உட்கார்ந்தார்கள். கொஞ்ச தூரம் பேச்சில்லை. பிறகு தாத்தாவே ஆரம்பித்தார்.

"நான் ரிட்டயர் ஆன மறுநாள் வீட்டு போன் அடிக்கவே இல்ல. அதுவரைக்கும் காலையில ஆறு மணியில இருந்து அடிக்கும். போன் கெட்டுப்போச்சோன்னு எடுத்துக் காதுல வெச்சுப் பார்த்தேன். டயல் டோன் வருது. போன் நல்லாத்தான் இருந்துச்சு" என்று சிரித்தார்.

கணியம்பாடி நெருங்கும்போது பேத்தியின் போனில் சிக்னல் வந்தது. அவள் எதையோ தட்டினாள். தாத்தாவின் சட்டைப் பையில் 'டிங்' என்றது.

"இது இன்னா கண்ணு? 'நம்ம வீடு'ன்னு ஏதோ வருது."

"குரூப் தாத்தா. உங்களைச் சேர்த்துட்டேன்."

"நீ சேர்க்கலாமா?"

"நானும் அட்மின்தான்."

"பார்த்தியா, உங்கிட்டயும் ஒரு முத்திரை மோதிரம் இருந்திருக்குது. கட்டுரையில அதையும் எழுது."

அவள் குரூப்பில் ஒரே ஒரு வரி போட்டாள்: 'அப்பா, வேப்பமரத்தைப் பத்தித் தாத்தாவைக் கேட்டீங்களா?'

ஒரு நிமிஷம் யாரும் எதுவும் எழுதவில்லை. பஸ் வேலூர் ரோட்டில் திரும்பியது. தாத்தா ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். மலை பின்னால் போய்க்கொண்டிருந்தது.

அவர் சட்டைப் பையில் போன் அடித்தது.